குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையும் எமது சாட்சியங்களும்

ஓல்போர்க்கில் நாம் வேலை செய்யும் றெஸ்ரோரண்டின் குசினிச் சுவரில் ஒரு கோப்பு தொங்குகிறது. குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து அதில் எழுதி, திகதியும் நேரமும் போட்டு, கையெழுத்தும் வைக்க வேண்டும். ஐந்து பாகைக்கு மேலே ஏறியிருந்தால் என்ன செய்தோம் என்பதையும் எழுத வேண்டும். இறைச்சிப் பெட்டி வந்தால் அது எங்கிருந்து வந்தது, என்றைக்கு வந்தது என்பதற்குக் கடதாசி இருக்க வேண்டும். உணவுப் பரிசோதகர் சொல்லாமற் கொள்ளாமல் வருவார். சட்டியைத் திறந்து பார்ப்பதோடு கோப்பையும் கேட்பார். 'குளிராய்த்தான் இருந்தது' என்று நாம் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தாலும் அது அவருக்குப் பொருட்டல்ல. எழுதப்படவில்லை என்றால் பார்க்கப்படவில்லை, அவ்வளவுதான். 2001ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் பரிசோதனையின் முடிவை ஒரு சிரித்த முகமாகவோ வாடிய முகமாகவோ வாடிக்கையாளர் பார்க்கும்படி வாசலில் ஒட்டிவைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கோழியின் சாவுக்கு இருக்கும் இந்தப் பதிவை எமது சனங்களின் சாவுக்கு நாம் வைத்திருக்கிறோமா? இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இக்கட்டுரை. கொழும்பிடம் கேட்கவேண்டிய கேள்விகள் பல உண்டு. அவற்றைக் கேட்பதற்கு ஆட்களும் உண்டு. நாம் கேட்பது எம்மிடம்.

எங்களில் ஒருவன் 2009 மே மாதம் வட்டுவாகலால் வெளியே வந்தவன். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. மாத்தளனில் பாடசாலைக் கட்டடத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் எடுக்கப்பட்ட படங்கள் அடங்கிய, விரல் நகமளவு மெமரி கார்ட் ஒன்றைச் சாரத்தின் விளிம்பு மடிப்புக்குள் தைத்துக் கொண்டுவந்தான். முகாமில் பல மாதம் அதைக் காப்பாற்றினான். பிறகு அது கைமாறிக் கடல் கடந்து எம்மவர் அமைப்பு ஒன்றிடம் போய்ச் சேர்ந்தது. அமைப்பின் பெயர் இங்கு முக்கியமல்ல, எந்த அமைப்பாக இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அடுத்த மே மாத ஊர்வலத்தில் அந்தப் படங்கள் திரையில் ஓடின. பின்னணியில் சோகப் பாட்டு, படத்தின் குறுக்கே சிவப்பு எழுத்து, மூலையில் அமைப்பின் சின்னம். சனம் அழுதது. நாமும் அழுதோம்.

சில வருடம் கழித்து ஒரு சட்டத்தரணி வந்து மூலப் படங்களைக் கேட்டார். கார்ட்டை வாங்கியவர் இன்னொருவரிடம் கொடுத்ததாகச் சொன்னார். அந்த இன்னொருவர் கொம்பியூட்டர் பழுதாகி எறிந்துவிட்டதாகச் சொன்னார். எவரும் பொய் சொல்லவில்லை. எவரும் எதையும் எழுதியும் வைக்கவில்லை. கடைசியில் எஞ்சியது பாட்டோடு கூடிய அந்த வீடியோ மட்டும்தான். எந்தப் படம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கமராவால் எடுக்கப்பட்டது என்ற விபரம் ஒன்றுகூட அதில் இல்லை. செல்லுக்குத் தப்பிய கார்ட், இராணுவத்தின் சோதனைக்குத் தப்பிய கார்ட், எமது கைகளில் அழிந்துபோனது.

இது ஒரு கார்ட்டின் கதை மட்டும் என்று எவராவது நினைத்தால் தமது வீட்டு லாச்சியைத் திறந்து பார்க்கட்டும்.

குற்றப் புலனாய்வு என்றவுடன் எம்மவருக்கு நினைவுக்கு வருவது ரி.வி. நாடகத்தில் கறுப்புக் கண்ணாடியோடு வரும் பொலிஸ்காரன். உண்மையில் அது எமது குசினிக் கோப்பைப் போன்ற அலுப்பான வேலை. ஒரு பொருள் எங்கே கிடந்தது, யார் எடுத்தது, யாரிடம் கொடுத்தது, இடையில் எங்கே வைக்கப்பட்டிருந்தது, திறக்கப்பட்டதா... இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதற்குள்தான் கையை விடுவார்.

டிஜிட்டல் தடயவியலும் இதே கணக்குத்தான். ஒரு கோப்பைப் பிரதி எடுத்தவுடன் அதற்கு ஓர் அடையாள எண் கணித்து எழுதிவைப்பார்கள். சாதாரணமாக அது 64 எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரி. படத்தில் ஒரேயொரு புள்ளியை மாற்றினாலும் வரி முழுவதும் மாறிவிடும். பத்து வருடம் கழித்து அதே கோப்பைத் திரும்பவும் கணித்து அதே வரி வந்தால் இடையில் எவரும் கைவைக்கவில்லை என்று நீதிமன்றத்திற்குக் காட்டலாம். இதை எந்தச் சாதாரணக் கொம்பியூட்டரிலும் காசு கொடுக்காமற் செய்யலாம். நாமோ படத்தை வட்ஸ்அப்பில் ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோம். அப்படி அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது, அதற்குள் இருந்த திகதி, நேரம், இடம் எல்லாம் கழன்று விழுந்துவிடுகின்றன. அதே படத்தை 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பினால் அது உள்ளபடியே போய்ச் சேரும். ஒரு விரற் தட்டுத்தான் வித்தியாசம். பதினாறு வருடத்தில் எத்தனை பேர் இதைக் கற்றுக்கொண்டோம்?

2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி சனல் 4 தொலைக்காட்சி ஒரு வீடியோவைக் காட்டியது. கண்களும் கைகளும் கட்டப்பட்டு நிர்வாணமாக இருத்தப்பட்டவர்கள் சுடப்படும் வீடியோ. அரசாங்கம் அது சோடிக்கப்பட்டது என்றது. எம்மவர் 'உண்மை, உண்மை' என்று கத்தினார்கள். ஆனால் கத்தல் அதை உண்மையாக்கவில்லை. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் அதை மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். ஒருவர் துப்பாக்கி பற்றிய நிபுணர், ஒருவர் சட்ட மருத்துவர், ஒருவர் வீடியோ ஆய்வாளர். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் விதம், உடல் விழும் விதம், இரத்தம் வழியும் விதம், கோப்பின் உள்ளமைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வீடியோ உண்மையானதாகவே தோன்றுகிறது என்று சொன்னார்கள். 2010 ஜனவரியில் அல்ஸ்ரன் அதை வெளியிட்டார். நாம் கவனிக்க வேண்டிய விடயம் அதற்குப் பிறகுதான் வருகிறது. விளங்கப்படுத்த முடியாத சிலவற்றையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். கோப்புக்குள் 2009 யூலை 17 என்ற திகதி ஏன் இருக்கிறது, கடைசியில் வரும் 17 சட்டகங்கள் என்ன என்பன அவற்றுட் சில. தமக்குப் பாதகமாகத் தெரிவதையும் எழுதிய காரணத்தால்தான் அந்த அறிக்கைக்கு எடை வந்தது. எம்மவர் வெளியீடுகளில் இப்படி ஒரு பந்தியைக் காட்டுங்கள் பார்க்கலாம். மாறாக, வேறொரு நாட்டு யுத்தத்தின் படத்தை எடுத்து 'முள்ளிவாய்க்கால்' என்று போட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம். அப்படியான ஒரு படம் போதும், ஆயிரம் உண்மையான படங்களையும் பொய் என்று தள்ளிவிட.

மன்னார் விவகாரத்தில் நாம் நடந்துகொண்ட விதம் இதற்கு இன்னோர் உதாரணம். 2018இல் சதொச கட்டட வேலையின்போது எலும்புகள் வெளிப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். முதல் நாளிலேயே எம்மவர் யார் கொன்றது, எப்போது கொன்றது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கார்பன் பரிசோதனை முடிவு வந்தது. அனுப்பப்பட்ட மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. உடனே 'சதி' என்றார்கள். அனுப்பிய மாதிரிகள் எத்தனை, அவை யாரால் எப்படித் தெரிவு செய்யப்பட்டன, அங்கே கிடைத்த ஏனைய பொருட்கள் என்ன சொல்கின்றன என்ற நியாயமான கேள்விகள் இருந்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் சட்டத்தரணிகள் அவற்றைக் கேட்டார்கள். ஆனால் ஐரோப்பாவில் இருந்த எங்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேள்விகளே விளங்கின? முடிவு எமக்குச் சாதகம் என்றால் விஞ்ஞானம், பாதகம் என்றால் சதி. இப்படி நினைப்பவன் நீதி கேட்பவன் அல்லன்.

இப்போது செம்மணி. 1996 செப்ரெம்பரில் பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச 1998 யூலையில் நீதிமன்றத்தில் வைத்து, முந்நூறு நானூறு உடல்கள் செம்மணியிற் புதைக்கப்பட்டன என்றான். 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பிறகு இருபத்தைந்து வருடம் புல்லு முளைத்தது. 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி மயானத்தில் ஏதோ கட்டட வேலைக்குத் தோண்டப்போய் மீண்டும் எலும்புகள் வந்தன. செப்ரெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றோடு ஒரு நீலப் புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை, பால்போத்தல், காப்புகள். ஓகஸ்டில் நீதிமன்ற அனுமதியோடு அந்தப் பொருட்களை உறவினர் பார்த்து அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள்.

எமது நகரத்தில் ஓர் அம்மா இருந்தார். 1996இல் யாழ்ப்பாணத்தில் மகனைப் பறிகொடுத்தவர். அந்தப் பொருட்களின் படங்களை ரெலிபோனில் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "தம்பியவை, என்ர ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அவன் அதுக்குள்ள கிடக்கிறானோ எண்டு சொல்லுவினமோ?" சொல்லலாம் அம்மா, இரத்தம்கூடத் தேவையில்லை, கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாற் போதும் என்றோம். தாயின் மரபணுவில் பாதி பிள்ளையில் இருக்கிறது. அதைவிடத் தாய்வழியாக மட்டும் இறங்கிவரும் மரபணு ஒன்றும் இருக்கிறது, பழைய எலும்பிலும் பல்லிலும் அது நின்றுபிடிக்கும் என்றும் வாசித்ததைச் சொன்னோம். "அப்ப எடுங்கோவன்" என்றார். எங்கே எடுப்பது, யாரிடம் கொடுப்பது, எந்த நிபந்தனையில் வைப்பது என்று எமக்குத் தெரியவில்லை. விசாரிப்போம் என்றோம். கார்த்திகையில் அந்த அம்மா காலமானார். சவச்சாலையில் பூ வைத்தோம். அவரிடமிருந்து ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்துவைக்க எம்மிடம் ஆளில்லை. கோயில் கட்ட ஆளிருந்தது. கலைவிழாவுக்கு மண்டபம் எடுக்க ஆளிருந்தது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இலிருந்து வீதியோரம் இருக்கும் தாய்மாரில் பலர் இப்படியே போய்விட்டார்கள். ஒவ்வொரு தாயின் சாவோடும் ஓர் எலும்புக்கூட்டின் பெயரும் போகிறது. 

இந்த இடத்தில் சிலர் குறுக்கிடுவார்கள். கொம்பியூட்டரும் பொய் சொல்லும்தானே என்பார்கள். சொல்லும். அதை நாம் இந்த டென்மார்க்கிலேயே பார்த்தோம். ரெலிபோன் கம்பனிகள் கொடுத்த தரவுகளைப் பொலிசார் மாற்றி எடுத்த முறையில் பிழை இருந்ததாக 2019இல் தெரியவந்தது. சில தகவல்கள் விடுபட்டிருந்தன, சில ரெலிபோன்கள் தவறான கோபுரத்தோடு இணைத்துக் காட்டப்பட்டிருந்தன. ஒருவன் நிற்காத இடத்தில் நின்றதாகக் காட்டுவதற்கு அது போதும். 2012இலிருந்து நடந்த 10,000க்கும் மேற்பட்ட வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது. அந்தத் தரவுகளை நீதிமன்றத்திற் பாவிப்பதை இரண்டு மாதம் நிறுத்தினார்கள். விளக்கமறியலில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் விடப்பட்டார்கள். இதிலிருந்து தடயவியலே வேண்டாம் என்ற முடிவுக்கு எவரும் வரவில்லை. சரிபார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் வேண்டும் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். இதைப் படிக்காதவன் இயந்திரம் சொல்வதையெல்லாம் நம்புவான், அல்லது எதையுமே நம்பமாட்டான்.

இன்னும் சிலர் 'எங்களுக்கு எந்த நீதிமன்றம் வரப்போகிறது' என்பார்கள். நியாயமான சலிப்பு. ஆனால் 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேகரித்து, ஆராய்ந்து, பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையாளரின் அலுவலகத்துக்குக் கொடுத்தது. ஊர்வலத்தில் 'சர்வதேச விசாரணை' என்று கத்திய நாம், விசாரிக்க வருபவனின் கையில் கொடுக்க என்ன வைத்திருக்கிறோம்? டிஜிட்டல் சாட்சியங்களை எப்படித் தேடுவது, எப்படிப் பாதுகாப்பது என்பதற்கு அதே அலுவலகமும் பெர்க்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020 டிசம்பரில் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டன. பெர்க்லி நெறிமுறை என்று அதற்குப் பெயர். எம்மவர் சங்கங்கள் நடத்திய எத்தனை வகுப்புகளில் அது படிக்கப்பட்டது? பரதநாட்டிய வகுப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சனிக்கிழமையில் இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்கிறோம்.

2022 பெப்ரவரியில் எமது நகரத்தின் மத்தியில், இரவுக் கடைகள் நிறைந்த தெருவுக்கு அருகில், ஒரு இளம்பெண் காணாமற் போனாள். பொலிசார் கமராப் பதிவு வைத்திருப்பவர்கள் அழிந்துபோக முன்னர் தரும்படி ஊர்முழுக்கக் கேட்டார்கள். அவள் ஒரு காரில் ஏறுவது பதிவாகியிருந்தது. சில நாட்களுக்குள் ஆட்களைப் பிடித்தார்கள், காட்டுக்குள் உடலின் எச்சங்களையும் கண்டெடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்கு முன் நீதிமன்றம் ஒருவனைக் குற்றவாளி எனக் கண்டது. அந்தக் குடும்பத்தின் துயரம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு நாம் குசினியில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எவரும் ஒன்றும் பேசவில்லை.

சரி, ஏன் நாம் கற்கவில்லை? நேரமில்லை, காசில்லை என்பதெல்லாம் சாட்டு. உண்மைக் காரணம் வேறு. சாட்சியத்துக்குக் கட்சி கிடையாது. அது எங்கள் பக்கமும் திரும்பும் என்பது எமக்குத் தெரியும்.

2017 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோம் நீதிமன்றம் ஒரு சிரிய நாட்டவனுக்கு ஆயுள்தண்டனை கொடுத்தது. அவன் அசாத்தின் ஆள் அல்லன், அசாத்துக்கு எதிராகப் போராடியவன். எங்களைப்போல ஸ்கண்டிநேவியாவில் அகதித் தஞ்சம் கேட்டவன். 2012இல் பிடிபட்ட ஏழு படையினரைச் சுட்டவர்களில் ஒருவனாக அவன் வீடியோவில் நின்றான். 'ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பைத்தான் நிறைவேற்றினேன்' என்று வாதாடினான். ஆனால் படையினர் பிடிபட்ட நேரத்தையும் வீடியோ எடுக்கப்பட்ட நேரத்தையும் வைத்துப் பார்த்தபோது இடையில் இரண்டு நாள்கூட இல்லை. அதற்குள் நியாயமான விசாரணை நடந்திருக்க முடியாது என்றது நீதிமன்றம். ஒரு கோப்பின் நேரம் ஒருவனின் வாழ்நாளைத் தீர்மானித்தது.

செம்மணியைத் தோண்டு என்று கேட்கும் நாம், குருக்கள்மடத்தையும் தோண்டு என்று அதே குரலில் கேட்டோமா? 1990 யூலையில் கடத்தப்பட்ட முஸ்லிம் பயணிகள் அங்கேதான் புதைக்கப்பட்டார்கள் என்று அவர்களின் உறவினர் சொல்கிறார்கள். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டவர்கள் யார்? அந்த ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்களைத் துரத்தியவர்கள் யார்? சகோதர இயக்கங்களின் பெடியளை எரித்தவர்கள் யார்? பெயர்களைச் சொல்லத் தயங்குபவர்கள்தான் மேடையில் நின்று 'ஆதாரம் இருக்கிறது' என்று மார்தட்டுகிறார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ராஜினி திரணகம, இந்திய இராணுவம் செய்ததையும் இயக்கங்கள் செய்ததையும் ஒரே பேனையால் எழுதினார். 'முறிந்த பனை' அப்படித்தான் உருவானது. 1989 செப்ரெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பாரிசில் 1994 மே 1இல் சபாலிங்கம் அவரது வீட்டிலேயே சுடப்பட்டார். பதிவு செய்தவர்களைக் கொன்ற சமூகத்தில் பதிவு செய்யும் கலை எப்படி வளரும்? அந்தப் பயம் துவக்குகள் மௌனித்த பின்னரும் எமது எலும்புக்குள் இருக்கிறது. இதை எழுதும்போது எமக்கும் அது இல்லாமலில்லை.

ஆர்ஜென்ரீனாவைப் பாருங்கள். 1983இல் இராணுவ ஆட்சி விழுந்தபோது புதைகுழிகளை மண்வெட்டி இயந்திரம் வைத்துக் கிளறி எலும்புகளை நொருக்கினார்கள். 1984இல் அமெரிக்காவிலிருந்து கிளைட் ஸ்னோ என்ற தடயவியல் மானிடவியலாளர் அங்கு போனார். அவரிடம் வேலை கற்க வந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், மானிடவியலும் தொல்லியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். பட்டம் எடுக்காத பிள்ளைகள் தூரிகையோடு குழிக்குள் இறங்கினார்கள். அவர்கள்தான் பின்னர் உலகெங்கும் புதைகுழிகளைத் தோண்ட அழைக்கப்படும் குழுவாக ஆனார்கள். எங்களிலும் இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டு ஓடிவந்து கோப்பை கழுவுகிறவர்கள் இருக்கிறோம். பட்டம் இல்லாதது இதற்குத் தடையில்லை என்று அந்தப் பிள்ளைகள் காட்டியிருக்கிறார்கள்.

எமது அடுத்த தலைமுறைக்கோ எந்தத் தடையும் இல்லை. இதே ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்தவர் ஸ்டெஃபன் லவுரிட்சன். சாட்சியங்களின் நிகழ்தகவைக் கணிப்பதற்கு 1988இல் அவரும் ஸ்பீகல்ஹால்ரரும் வெளியிட்ட முறை உலகப் புகழ் பெற்றது. பலரின் மரபணு கலந்த மாதிரியைப் பிரித்தறியும் கணக்குகளிலும் அவர் வேலை செய்தார். நாம் பஸ்ஸில் கடந்துபோகும் கட்டடங்களில் நடந்த வேலை இது. எம்மவர் பிள்ளை ஒன்று தடயவியல் படிக்கப்போகிறேன் என்றால் தாய் தகப்பன் என்ன சொல்வார்கள் என்பது எமக்குத் தெரியும். 'சவம் அறுக்கவோ உன்னை இஞ்ச கொண்டுவந்து படிப்பிச்சனாங்கள்?' ஓம். அதற்குத்தான். எமது சவங்களுக்கு ஆள் வேண்டும்.

பிள்ளைகள் படித்து வரும்வரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. லாச்சியில் கிடக்கும் பழைய ரெலிபோனையும் கார்ட்டையும் ஆராய்கிறேன் என்று தட்டிப் பார்க்காதீர்கள். உறையில் இட்டு, யாருடையது, எங்கிருந்து எப்போது வந்தது என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். தெரிந்தவரைக் கொண்டு பிரதி எடுத்து அடையாள எண்ணையும் எழுதுங்கள். எவரிடமாவது கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அவர் எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும். வயதானவர்களின் கதையைக் கேட்கும்போது இடையில் புகுந்து உங்கள் அரசியலைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர்கள் சொன்னபடியே பதியுங்கள். மறந்ததை மறந்தது என்றே எழுதுங்கள். மரபணு மாதிரிகளை எங்கே, என்ன நிபந்தனையில், யாருடைய மேற்பார்வையில் சேர்த்துவைப்பது என்று மருத்துவர்களையும் சட்டத்தரணிகளையும் கூட்டி இந்த வருடமே ஒரு முடிவுக்கு வாருங்கள். எங்கள் நகரத்தில் அதற்கான முதற் கூட்டத்திற்கு வர நாம் ஆறுபேர் இருக்கிறோம். திங்கட்கிழமைகளில் கடை பூட்டு.

இரவு பதினொன்றரைக்கு அடுப்புகளை நிறுத்தி, நிலம் கழுவி, கடைசியாகக் குளிர்ப்பெட்டியைப் பார்க்கிறோம். நான்கு பாகை. திகதி, நேரம், கையெழுத்து. மாத்தளனில் இருந்து வந்த கார்ட்டைச் சாரத்தில் தைத்து வந்தவன்தான் இன்றைக்கு எழுதுகிறான். கோழிக்கு அவன் பிழைவிட்டதே இல்லை.